லுங்கிகளைக் கிழித்துத் தைத்த போர்வை

இந்த ஊருக்கு வந்த புதிதில் என் மகள் மாலாவுக்குப் பொன்னுக்குவீங்கி வந்திருப்பதாகத் தெருவெல்லாம் பேச்சு. அவளுக்கு ஒன்றுமே இல்லை. ரங்கூனில் தினமும் செய்ததுபோலக் குளிப்பாட்டி, தனகாக் கட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து, அந்த மஞ்சள் குழம்பை இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பூசி வாசலில் விளையாட விட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. தெருவில் போன ஓர் அம்மாள் தன் பிள்ளையை இழுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு, "கொயந்தைய வெளிய வுடாதம்மா, மத்ததுங்களுக்கும் ஒட்டிக்கும்" என்றாள். "வியாதி இல்லைங்க, இது அழகுக்குப் பூசுறது" என்றேன். பிள்ளையின் நோயை மறைக்கிற தாயைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வேப்பிலை வந்து சேர்ந்தது. கோபப்படவும் முடியவில்லை, அவர்கள் அக்கறையோடு கொடுத்தது. மறுநாளிலிருந்து தனகாக் கட்டையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

ரங்கூனிலேயே தங்கிவிட்டவர்களும், என்னைப்போலக் கப்பலேறி வந்து ஆளுக்கொரு ஊரில் கிடப்பவர்களும் இதைப் படித்தால் சிரிப்பீர்கள். இந்தப் பக்கத்துக்காரர்கள் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்களைத் தாயகம் திரும்பியவர்கள் என்கிறார்கள். திரும்புவதென்றால் முன்னே ஒருமுறையாவது இங்கிருந்து போயிருக்க வேண்டும். நான் பிறந்தது ரங்கூனில், என்னைப் பெற்றவர்கள் பிறந்ததும் அங்கேதான். உண்மையில் திரும்பி வந்திருக்க வேண்டியவர் என் கணவர். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் இருக்கிற இந்தச் சின்ன ஊரிலிருந்து பதினாறு வயதில் பிழைக்கப் போனவர் அவர். அவருடைய ஊருக்கு நான் வந்து சேர்ந்துவிட்டேன், அவர் வரவில்லை. இந்தக் கட்டுரை அவருடைய துணிகளைப் பற்றியது.

ரங்கூன் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் அவருக்கு வேலை. துணியைக் கண்ணால் பார்த்து விலை சொல்ல மாட்டார். கரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். கட்டம் போட்ட லுங்கிகளில் பல நம் மெட்ராஸ் பக்கத்துத் தறிகளில் நெய்து கப்பலில் வந்தவை. "இதுவும் என்னை மாதிரிதான், ஊர்ல பொறந்து இங்க வந்து மாட்டிக்கிச்சு" என்று சொல்லிச் சிரிப்பார். ஒருநாள் அரசாங்கம் எடுத்துக்கொண்டதில் அந்தக் கடை முதலாளியின் கையை விட்டுப் போனது, அதோடு வேலையும் போனது. நாங்கள் புறப்பட வேண்டும் என்று முடிவானபோது எனக்கும் குழந்தைக்கும் எல்லாம் கிடைத்துவிட்டது, அவருடைய காகிதத்தில் மட்டும் ஒரு முத்திரை பாக்கி. கொண்டுவர அனுமதித்த சாமானே கொஞ்சம். அதில் என் பாத்திரங்களை எடுத்து வெளியே வைத்துவிட்டு அவருடைய லுங்கிகளையும் சட்டைகளையும் அடுக்கினார். "என் துணியெல்லாம் உன்னோட போகட்டும். கட்டியிருக்கிறதும் மாத்துத் துணியும் எனக்குப் போதும். அடுத்த கப்பல்ல கைவீசிக்கிட்டு வந்துடுறேன்" என்றார். துறைமுகத்தில் உண்மையிலேயே வெறுங்கையை வீசிக் காட்டினார். மாலா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

உத்திரமேரூரிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு நாங்கள் இறங்கியபோது அத்தை, அதாவது என் மாமியார், சாலையோரத்தில் காத்துக்கொண்டு நின்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தார். எங்களுக்குப் பிறகு ஒரு நெல் வியாபாரி இறங்கினார், பஸ் புறப்பட்டுப் போயிற்று. புழுதி அடங்கும் வரை அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எத்திராஜு வரலையா?" என்றார். பதினாறு வயதில் அனுப்பிய பிள்ளையை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. நான் முத்திரை விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது விளங்கியதா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தவர், "இன்னாம்மா, பொட்டி முச்சூடும் ஆம்பள துணியா கீது? இதுக்கா கப்பலு?" என்றார். ஐம்பது வயதைத் தாண்டாதவர், வயலில் ஓர் ஆள் செய்கிற வேலையைச் செய்கிறவர், வாய்க்கும் அதே வேகம். நானும் வாயில்லாப் பூச்சி இல்லை. எங்களுக்குள் முதல் மாதம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள்.

எனக்கு நாற்று நடத் தெரியாது, ஏற்றம் தெரியாது, மாட்டின் பக்கத்தில் போகவே பயம். தமேன் கட்டிக்கொண்டு ஒருநாள் தெருவில் இறங்கிவிட்டேன். ரங்கூனில் பெண்கள் கட்டுகிற பூப்போட்ட லுங்கிக்குத்தான் தமேன் என்று பெயர். அங்கே அதைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கே போகலாம். இங்கே பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து, "பாவாடையோட வந்துக்கினு கீறியே, பொடவ கட்ட மறந்துட்டியா?" என்று என்னை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனாள். இதையெல்லாம் சிரித்துத் தாண்டிவிடலாம். தாண்ட முடியாதது மாலாவின் ராத்திரிதான். ரங்கூனில் அவள் அப்பாவின் மார்பில் படுத்து, அவருடைய லுங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் தூங்குவாள். அப்பாவை பர்மியக் குழந்தைகளைப்போல 'பேபே' என்று கூப்பிடுவாள். இங்கேயும் அவருடைய லுங்கி ஒன்றைக் கையில் கொடுத்தால்தான் கண்ணை மூடினாள். கடித்து, இழுத்து, காலால் உதைத்து அவள் படுத்திய பாட்டில் ஒவ்வொன்றாக நைந்துகொண்டு வந்தன. அவர் வருவதற்குள் எல்லாம் கந்தலாகிவிடும் என்று எனக்குக் கவலை. மார்கழியும் வந்துவிட்டது. ஏரிக்குப் பக்கத்து வீடு, இருப்பதோ ஒரே ஜமக்காளம். அப்போதுதான் அந்த லுங்கிகளையே சேர்த்துப் போர்வையாகத் தைத்துவிட்டால் குளிரும் தாங்கும், துணியும் நிற்கும் என்று தோன்றியது.

தைக்க எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். ரங்கூனில் எங்கள் பக்கத்து வீட்டு மா கின் இப்படிப் போர்வைகள் தைப்பாள். கடையில் மிஞ்சுகிற துண்டுத்துணிகளை இவர்தான் அவளுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். அவள் அவற்றைக் கட்டம் கட்டமாக வெட்டி, மடியில் பரப்பி, வாயில் சுருட்டுப் புகைய உட்கார்ந்து சேர்ப்பாள். பிக்குகளின் காவியுடையே இப்படித் துண்டுகளை இணைத்துத் தைத்ததுதான் என்றும், வயலும் வரப்பும்போல அதில் கோடுகள் இருக்கும் என்றும் ஒருமுறை எனக்குக் காட்டியிருக்கிறாள். ஒட்டுப்போட்ட துணி என்றால் அங்கே ஒரு மரியாதை. நான் அவளோடு வம்பளந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே தவிர ஊசியைத் தொட்டதில்லை. கடையில் போர்வை கிடைக்கும்போது இதற்குப் போய் முதுகை ஒடித்துக்கொள்வதா என்ற எண்ணம். அவள் சொல்லிக் கொடுத்த ஒன்றை மட்டும் நான் விடாமல் கடைப்பிடித்தேன். பெண்ணின் தமேனை ஆணின் லுங்கியோடு சேர்த்துத் துவைக்கவோ ஒரே கொடியில் உலர்த்தவோ கூடாது, ஆணின் பலம் குறைந்துவிடும் என்பாள். பர்மியர்கள் இதில் கண்டிப்பானவர்கள். அவர் இதைக் கேலி செய்வார், ஆனாலும் என் துணி எப்போதும் தனிக் கொடியில்தான் காய்ந்தது.

வீட்டில் கத்தரிக்கோல் இல்லை. நைந்த லுங்கி ஒன்றை எடுத்து, ஓரத்தில் பிளேடால் கீறி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கட்டம் போட்ட துணி நூல் பிடித்தபடி நேராகக் கிழியும், அது கடைக்காரர் மனைவியாக நான் தெரிந்துவைத்திருந்த ஒரே வித்தை. கிழிகிற சத்தம் கேட்டதும் அத்தை மாட்டுக்கொட்டகையிலிருந்து சாணிக் கையோடு ஓடிவந்தார். "இன்னா பண்ற நீ?"

"போர்வை தைக்கப் போறேன் அத்தை."

"உயிரோட கீற ஆம்பள துணிய பொண்டாட்டி கியிப்பாளா? அந்தச் சத்தம் இந்த வூட்ல கேக்கலாமா?" என்றவர், என் கையிலிருந்து லுங்கியைப் பிடுங்க வந்து, சாணி பட்டுவிடும் என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இங்கே துணி கிழிகிற சத்தம் சாவு வீட்டில் கேட்கிற சத்தமாம். பிணத்துக்குக் கட்டக் கோடித்துணியைக் கிழிப்பார்களாம். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கிழித்திருக்க மாட்டேன், அந்த அளவுக்கு எனக்கும் பயம் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபம்தான். "உங்க பிள்ளை நாள் முழுக்கத் துணி கிழிச்சுத்தான் எங்களுக்குச் சோறு போட்டாரு. அவருக்கு இந்தச் சத்தம் கெட்டது இல்லை" என்றேன். அவர் திரும்பிக் கொட்டகைக்குப் போய்விட்டார். சில நாட்கள் என்னோடு பேசவும் இல்லை.

கிழித்ததைக் கிழித்தாயிற்று, தைக்காமல் விட்டால் அதைவிட மோசம் என்று நான் தொடங்கிவிட்டேன். என் முதல் கட்டங்களைப் பார்த்தால் மா கின் சுருட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்திருப்பாள். ஒன்றுக்கொன்று அளவு சேரவில்லை. இழுத்து இழுத்துத் தைத்ததில் துணி சுருங்கிப் பணியாரமாக உப்பியது. மடிப்புகள் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே வந்துவிட்டன. ஒற்றை நூலில் தைத்திருந்ததை மாலா ஒரே ராத்திரியில் உதைத்துப் பிரித்தாள். ஒரு சிவப்பு லுங்கியைத் துவைக்காமல் சேர்த்துவிட்டு, பிறகு நனைத்தபோது அது அவருடைய வெள்ளைச் சட்டைத் துண்டில் சாயத்தை இறக்கிவிட்டது. மேலே லுங்கி, அடியில் வேறு துணி, நடுவில் கனத்துக்குப் பழந்துணி என்று தரையில் விரித்து ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டு வந்தேன். நடுவுக்கு வந்து சேர்ந்தபோது துணி அங்கே திரண்டு ஒரு மேடாக நின்றது. எல்லாவற்றையும் பிரித்தேன். நடுவில் முதலில் தைத்து, அங்கிருந்து கையால் நீவி நீவி ஓரத்துக்குப் போக வேண்டும், ஓரத்தை மடித்து அடைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் என்று புரிந்துகொள்ள எனக்கு அத்தனை நூல் வீணாக வேண்டியிருந்தது. விரலில் கந்தல் சுற்றிக்கொள்ளாமல் ஊசியைத் தள்ளக் கூடாது என்பதையும் ரத்தம் வந்த பிறகுதான் கற்றேன்.

தெருவில் இதற்குள் பேர் வைத்துவிட்டார்கள். "ரங்கூன்காரி பிச்சக்காரன் போர்வ தச்சிக்கினு கீறா" என்று குளத்தங்கரையில் என் காதுபடவே பேசினார்கள். அங்கே துறவிக்கு உடுத்துவதை இங்கே பிச்சைக்காரனுக்குப் போர்த்துகிறார்கள். இரண்டு பேரும் கையேந்துகிறவர்கள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனாலும் வீட்டுக்கு வந்து அழுதேன்.

அத்தை மறுபடி பேசத் தொடங்கியதும் இந்தப் போர்வையால்தான். அடிப்பக்கத்துக்குத் துணி போதாமல் நான் விழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "உன்னுது ஒண்ணு பூப்போட்டது மடிச்சி வெச்சிகினு கீறியே, அத்த போடறது" என்றார். நான் மா கின் சொன்னதைச் சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை. "பொம்பள துணி பட்டா ஆம்பளைக்கு இன்னா கொறஞ்சி பூடும்? என் பொடவ மேலதான் அவன பெத்தேன்" என்று உள்ளே போய்த் தன்னுடைய பழம்புடவைகளைக் கொண்டுவந்து போட்டார். துவைத்துத் துவைத்து நிறம் போன சுங்கடிப் புடவைகள். தாயின் துணிக்கு அந்த விதி இல்லை என்று வைத்துக்கொண்டு அவற்றைச் சேர்த்தேன். என் தமேனை மட்டும் சேர்க்கவில்லை. அவர் வந்து சேரும்வரை அவருடைய பலத்தில் ஒரு நூல்கூடக் குறையக் கூடாது என்று பிடிவாதம் எனக்கு.

அதற்குப் பிறகு நான் தைக்க உட்கார்ந்தால் அத்தையும் முறத்தோடு வந்து உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் என் கணவருடைய சட்டை ஒன்றைக் கிழிப்பதற்காக எடுத்தேன். "இரு" என்று வாங்கி, தோள்பட்டையைத் தன் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துப் பார்த்தார். "தோளு இம்மாம் அகலமா ஆயிட்டானா?" என்றார். அந்தக் கேள்வியில் நான் உடைந்துபோனேன். தன் பிள்ளையின் தோள் அகலம் தெரியாத தாய் அவர், அதை எனக்கு அதுவரை யோசிக்கத் தோன்றவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டாக அவர் கேட்பார், நான் சொல்வேன். இது மாலா பிறந்த அன்று கட்டியிருந்தது. இது தண்ணீர்த் திருவிழாவில் நனைந்து சாயம் போனது. இந்தச் சட்டையில் இருக்கிற கறை, மொகிங்கா சாப்பிடும்போது கடை வாசலில் சிந்தியது. அத்தைக்கு மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்டுச் சாப்பிடுவது என்றால் என்னவென்று விளங்கவில்லை. "காலைல நாஷ்டாவுக்கே மீனா?" என்று கேட்டுவிட்டு, "சின்னதுல மீனுன்னா ஓடுவான், முள்ளுக்கு பயந்துக்கினு" என்றார். எனக்குத் தெரியாத பையனை அவர் சொன்னார். அவருக்குத் தெரியாத ஆளை நான் சொன்னேன். பல நாள் வாய்விட்டுச் சிரித்திருக்கிறோம்.

பொங்கல் முடிந்து, அறுவடையும் முடிகிற சமயம். போர்வையில் மூன்று பக்கத்து ஓரம் அடைத்தாயிற்று, ஒரு பக்கம்தான் பாக்கி. மத்தியானத்தில் அதைத் தரையில் விரித்துவைத்திருந்தபோது வாசலில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. கரீம் பாய். ரங்கூனில் என் கணவரோடு அதே கடையில் அதே மேஜைக்குப் பின்னால் நின்று துணி அளந்தவர். பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டுக் கேட்டு நடந்து வந்திருக்கிறார். "வாங்க பாய், எப்ப வந்தீங்க, அவர் எங்கே?" என்று எழுந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த போர்வையைப் பார்த்தார். குனிந்து ஒரு கட்டத்தைத் தொட்டு, "இது நம்ம கடைச் சரக்கு" என்றார். பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"முத்திரை கெடைச்சிடுச்சு தங்கச்சி. சீட்டு கையில இருந்துச்சு. காய்ச்சல்னு படுத்தாரு, எழுந்திரிக்கல. எங்களைக் கப்பல்ல ஏத்துற அவசரத்துல, ஒடம்பை எடுத்துட்டுப் போனவங்க எரிச்சாங்களா பொதைச்சாங்களான்னுகூட எங்களுக்குத் தெரியாது" என்றார் கரீம் பாய். அத்தை அழாமல் நின்றார். "எப்ப?" என்று ஒரே கேள்வி. கார்த்திகை மாதக் கடைசியில் என்றார் பாய். நான் முதல் லுங்கியைக் கிழித்தது மார்கழியில். என் கை கிழித்த சத்தத்தால் அவர் போகவில்லை என்று தெரிந்தது, ஆனால் அதில் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. அவருடைய பலம் குறையக் கூடாது என்று என் தமேனை ஒதுக்கிவைத்தபோது அவர் இல்லை. தோள் அகலத்தைப் பார்த்து அவருடைய அம்மா வியந்தபோது அவர் இல்லை. நாங்கள் இருவரும் உட்கார்ந்து சிரித்த நாளெல்லாம், உலகத்தில் எங்கேயும் அவர் இல்லை. இதை நினைக்கும்போது இன்றைக்கும் என்னால் ஊசியைப் பிடிக்க முடிவதில்லை.

தேதியெல்லாம் ஊருக்குக் கணக்கில்லை. உயிரோடிருந்தவன் துணியைக் கிழித்தாள், போய்விட்டான் என்று பேசி முடித்துவிட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். அடுத்து வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. பங்காளிகளில் மூத்தவரான மாமா ஒருவர் வந்து உட்கார்ந்து, "ஒடம்பு இல்லாம எப்டி காரியம் பண்றது? வைக்கல்ல உருவம் கட்டி, அவன் கட்டிக்கினு இருந்த துணிய சுத்தி, ஏரிக்கரைல வெச்சி கொளுத்தணும். அப்பதான் அவன் போற எடம் போய் சேருவான்" என்றார். முழுத் துணியாக ஒன்றுமே மிச்சம் இல்லை, எல்லாவற்றையும் நான் கிழித்திருந்தேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு மாலா போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த போர்வையைக் காட்டி, "எல்லாம் அதுலதான கீது? அத்தயே குடு. செத்தவன் துணி வூட்ல இருக்கக்கூடாது" என்றார்.

மாலா இரண்டு கையாலும் அதை இழுத்துத் தலைக்கு மேல் மூடிக்கொண்டாள். பேபே வருவார் என்று அவளிடம் நான்தான் சொல்லியிருந்தேன், வர மாட்டார் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. "அதைக் கொடுக்க முடியாது மாமா" என்றேன். "முடியாதுன்னா அவன அலைய வுட்றியா?" என்றார் அவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கும் கண் கலங்கியிருந்தது. எனக்காகப் பேச இந்த ஊரில் யாரும் இல்லை. அவரை அலையவிடுகிறவளாக இருக்க எனக்கு மனம் இல்லை. குழந்தையின் மேலிருந்து அதைப் பிடுங்குகிறவளாகவும் இருக்க முடியவில்லை. ஒரு கட்டத்தையாவது பிரித்துக் கொடுக்கலாம் என்று ஊசியைத் தேடினேன். எந்தக் கட்டத்தை என்று தெரியாமல் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தை எழுந்து உள்ளே போனார். அடுக்குப்பானைகளை ஒவ்வொன்றாக இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. அடிப்பானையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்துக்கொண்டு வந்து மாமாவின் முன்னால் பிரித்தார். ஒரு பையனுடைய சட்டை. காலரைப் பூச்சி அரித்திருந்தது, பொத்தான் ஒன்று இல்லை. கப்பலுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனபோது என் கணவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போனதாம். அத்தை அதை வைத்திருந்தது எனக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது. அத்தனை நாள் நான் அவருடைய சட்டைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதும் இதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

"இத்த சுத்துங்க" என்றார்.

"இது சின்னப் பையன் சொக்கா. உருவத்துக்கு எப்டி பத்தும்?"

"என்னாண்ட இருந்தவன் சின்னப் பையன்தான். அவன நான் அனுப்பிக்கிறேன். அவ புருசன் அவளாண்ட இருக்கட்டும்."

மாமா சட்டையை வாங்கிக்கொண்டார். அது வைக்கோல் உருவத்தின் தோளுக்குப் பற்றவில்லை, அதனால் மார்பின் மேல் விரித்துக் கட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. வீட்டிலிருந்தபடியே ஏரிக்கரையில் எழும்பிய புகையைப் பார்த்தோம். அத்தை அப்போதுதான் அழுதார். ஒப்பாரி இல்லை, ராகம் இல்லை, "நைனா, நைனா" என்று சின்னக் குழந்தையைத் தேடுவதுபோல அழுதார். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் எரித்ததைப்போல என்னால் எதையும் எரித்திருக்க முடியாது. அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

போர்வையின் நாலாவது ஓரம் அப்படியே கிடந்தது. மாலா இழுக்க இழுக்க அங்கே நூல் பிரிந்து, உள்ளே இருந்த பழந்துணி வெளியே தொங்கத் தொடங்கியது. ஒருநாள் அத்தை அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பிஞ்சிகினு போவுது. முடிச்சிடும்மா" என்றார். நான் பெட்டியைத் திறந்தேன். என் தமேன் மடிப்புக் கலையாமல் தனகாக் கட்டையின் மேல் இருந்தது. நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருக்கிற பெண் பூப்போட்ட துணி கட்ட இந்த ஊரில் இடமில்லை, அந்த ஊருக்கு நான் திரும்பப் போவதும் இல்லை. பிளேடால் ஓரத்தில் கீறி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அது நீளமாகக் கிழிந்தது. அத்தை பக்கத்திலேயேதான் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு இப்போது யாரும் ஓடிவரவில்லை.

அவருடைய லுங்கியின் ஓரத்தில் என் தமேனை வைத்து மடித்துத் தைத்தேன். மா கின் பார்த்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பாள். இனிமேல் அவருக்கு எதுவும் குறைந்துவிடாது மா கின், என்று வாய்விட்டு பர்மிய மொழியில் சொல்லிப் பார்த்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அந்த மொழியில் நான் பேசிய வார்த்தை அது. பதில் சொல்ல ஆள் இல்லை.

சில வருஷம் ஆகிவிட்டது. மாலா பள்ளிக்கூடம் போகிறாள், இந்த ஊர்ப் பிள்ளைகளைப்போல "கீது" என்கிறாள், அப்பாவைப் பற்றிக் கேட்டால் நைனா என்கிறாள். மார்கழி வந்தால் மூன்று பேரும் அந்த ஒரே போர்வைக்குள்தான். லுங்கிப் பக்கம் உடம்பில் படுகிற மாதிரி அத்தை அதைத் திருப்பிப் போடுகிறார், அதனால் வெளியே தெரிவது இந்த ஊர்ப் புடவைதான். மாலா நடுவில், அத்தை சுவரோரம், நான் வாசல் பக்கம். எனக்கு வந்து சேர்வது எப்போதும் அந்த நாலாவது ஓரம்தான். அதை மோவாய் வரை இழுத்துவிட்டுக்கொண்டால் என் சொந்தத் துணியின் வாசனைதான் வருகிறது, அவருடையது உள்ளே எங்கேயோ இருக்கிறது.